கடைசியில் நிற்பவர்களுக்கு

மெகாஃபோனைக் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டுவார் சங்கச் செயலாளர். தொண்டையைச் செருமுவார். பிறகு, "கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்பார். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம், கிடங்கில் சுமைவண்டி ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு வயிறு எரியும். இன்று நேற்றல்ல, பல வருஷமாக எரிகிறது.

கிடங்கு வாசலில் கூட்டம் என்றால் கடைசியில் நிற்பவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். ஃபோர்க்லிஃப்ட்காரரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, அவர்களில் ஒருவன். பெரிய வேலைநிறுத்தத்தின்போது மழையில் நனைந்துகொண்டு "கேக்குது" என்று தொண்டை கிழியக் கத்தியவன். முடிவில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஃபோர்க்லிஃப்ட்காரர் உள்பட நிரந்தர ஆட்களுக்குச் சம்பளம் ஏறியது. கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்கப்போன மச்சானிடம், "தம்பி, சங்கம் மெம்பருக்குத்தான். முதல்ல நம்ம கூரையைப் பாப்போம்" என்றார் செயலாளர். ஏறிய சம்பளத்தில் வாங்கிய ஃப்ரிட்ஜிலிருந்து அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், குழாய்த் தண்ணீர் போதும் என்பான் மச்சான். இன்றுவரை அப்படித்தான்.

மற்றபடி செயலாளரைக் கெட்டவர் என்று மனமறிந்து சொல்ல முடியாது. யாருக்காவது கை நசுங்கினால் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக நிற்பார். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து பேனா, ஒன்றுதான் எழுதும். மிச்சமெல்லாம், "மானேஜர் கேட்டா குடுக்கறதுக்கு. குடுத்தா திரும்ப வராதுப்பா." மானேஜர் அறையில் யாரும் உட்காரச் சொல்லக் காத்திருக்கமாட்டார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வார். முறைத்தே பாதிக் காரியத்தை முடித்துவிடுவார்.

முறைப்பதற்கு எதிரில் ஒரு முகம் வேண்டுமே. இப்போது யாருக்கு எந்த ஷிப்ட் என்று ஃபோன் சொல்கிறது. யார் மெதுவாகத் தூக்குகிறான் என்று மணிக்கட்டில் மாட்டிய கருவி சொல்கிறது. எதிர்த்துக் கேட்டவன் மறுநாள் ஃபோனைத் திறந்தால் அவனுக்கு வேலை காட்டாது. செயலாளர் போய்க் கேட்டதற்கு, எல்லாம் மேலிருந்து வருகிறது, தன் கையில் ஒன்றும் இல்லை என்று மானேஜர் கையை விரித்துவிட்டார். "யார் சட்டையைப் பிடிக்கறது? சட்டை போட்ட ஆளே இல்லையேப்பா" என்று திரும்பி வந்தார் செயலாளர். நிரந்தர ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று, சங்கக் கூட்டத்துக்கு இப்போது ஒரு பெஞ்சு போதும். கிடங்கு நிறைய கான்ட்ராக்ட் ஆட்கள்தான்.

நாளைக் காலை அவர்கள் வேலைக்குள் போகாமல் வாசலில் நிற்கப்போகிறார்கள். ஃபோன் வெளியே தள்ளியவர்களைத் திரும்ப எடுக்கவேண்டுமாம். தலைமை மச்சான். கூட்டம் பிசுபிசுத்துப் போனால் அடுத்து அவன் வேலைதான் போகும். தானே வந்து பேசுவதாகச் சொல்லிச் செயலாளர் அவனிடம் போயிருக்கிறார். மச்சான் மரியாதையாகத்தான் சொன்னான்: "வேணாம்ண்ணே. நாங்க மெம்பர் இல்லையே."

இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் நினைத்தார். கேட்டபோது ஒன்றும் இனிக்கவில்லை.

சாயங்காலம் செயலாளர் அவரை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் சங்க அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் மெகாஃபோன், புது பேட்டரி போட்டு. அதன் வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் சங்கத்தின் பெயர், கீழே சின்னதாக அவர் பெயர். எழுதாத பேனா ஒன்றின் முனையால் அந்த எழுத்துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயின்ட் செதில்கள் மடியெல்லாம் உதிர்ந்து கிடந்தன.

"உன் மச்சான்கிட்ட குடுத்துடு. வெறும் தொண்டை அவ்வளவு தூரம் போகாது."

"நீங்க குடுத்தா வாங்கமாட்டான்."

"அதுக்குத்தான் சுரண்டறேன். கடையில வாங்கினேன்னு சொல்லு." கொஞ்சம் சுரண்டிவிட்டு நிமிராமலே, "அன்னிக்கு ஸ்டிரைக்குல அவனுக்கும் சேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பானுங்க" என்றார்.

நாக்கு நுனியில் வருஷக்கணக்காக வைத்திருந்த வசவைத் தேடினார் ஃபோர்க்லிஃப்ட்காரர். கிடைக்கவில்லை. மெகாஃபோனை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். செயலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"ஏப்பா, அவன் பேசறப்ப நீ முன்னாடி நிக்காத. கடைசியில போய் நில்லு. கேக்கலைன்னா கையைத் தூக்கு."