பூஜை போட்ட கம்ப்யூட்டரில் என் ரிசல்ட்

காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆயுத பூஜையன்று மதியம் அங்கேயே நானும் ரத்தம் கொடுத்திருந்தேன், கர்ப்பமா இல்லையா என்று பார்க்க. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து, வைத்தியம் பார்த்து, தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டு வந்து நின்ற நாள் அது. ரிசல்ட் மறுநாள் காலை.

காலையில் கோவில்பத்திலிருந்து வண்டியில் பறந்து வந்தால், திரை முழுக்கப் பிழைச் செய்தி. டேட்டாபேஸ் சிதைந்து கிடந்தது.

"மெயின் சுவிட்ச யாரு அணைச்சது?" என்று கத்தினேன்.

"நாந்தாங்க," என்றார் லேபைத் திறந்து பூட்டும் அண்ணன். "பூஜை போட்டா மறுநாள் வரைக்கும் எதுவும் வேலை செய்யக் கூடாதுல்ல? அதான் எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தேன்."

கம்ப்யூட்டர் கடைசி ரிசல்ட்டுகளை எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்தா ஓய்வு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"இன்னொரு தடவ ரத்தம் குடுத்துட்டாப் போச்சு," என்று சமாதானம் வேறு.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கண்ணே, புண்ணியமாப் போவும்!"

சிதைந்த கோப்பைத் தொடாமல் முதலில் நகலெடுத்தேன். நகலில் கெட்ட பகுதியைத் தாண்டித் தாண்டி, நல்ல வரிகளை வாரியெடுத்தேன். ரிசல்ட்டுகள் தப்பிவிட்டன. பெயர்கள் இருந்த அட்டவணையின் கடைசிப் பகுதிதான் போய்விட்டது. கர்ப்பப் பரிசோதனையில் பெயரில்லாமல், நோயாளி எண் மட்டும் போட்டு இரண்டு ரிசல்ட்: ஒன்று பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். அன்று அதற்கு ரத்தம் கொடுத்தது நானும், என்னைப் போலவே குழந்தைக்காகக் காத்திருந்து பட்டினச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண்ணும்தான்.

ஃபோன் எண்ணை வைத்து ஆளைத் தேட ஒரு இன்டெக்ஸ் தனியாக உண்டு. பெயர் போனாலும் அதில் ஃபோன் எண்ணும் நோயாளி எண்ணும் இருக்கும். நல்லவேளை, அது பிழைத்திருந்தது. பாசிட்டிவ் வந்த நோயாளி எண்ணைப் போட்டுத் தேடினேன். வந்து நின்றது என் ஃபோன் எண்!

நான் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடி வந்தார். "என்னங்க, சரியாயிடுச்சா?"

"எல்லாம் கெடச்சிருச்சுண்ணே!"

"பாத்தீங்களா? சந்தனம் வச்சது நாந்தாங்க!"

"கொழுப்பப் பாரு!" என்று சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது. அப்படியொரு சந்தோஷம்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பட்டினச்சேரிப் பெண் வந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சாங்க?"

என் சிரிப்பை எங்கே ஒளிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.