பாயசத்துக்குப் பின் ஒரு மலை

போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பினாங்குத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

சிரிக்காதீர்கள். முழுச் சுற்று! காலையில் ஜார்ஜ் டவுனில் கிளம்பி, இருட்டுவதற்குள் ஜார்ஜ் டவுனுக்கே...

இதில் ஒரு பந்தயமும் இருந்தது. என் மைத்துனன் சிவலிங்கம் சொல்லிவிட்டான்: "வழியில எங்கயாச்சும் கார்ல ஏறிட்டீங்கன்னா சைக்கிள் எனக்கு. சரியா மச்சான்?" ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன். புது சைக்கிள் ஐயா! மணியைக்கூடத் தினமும் துடைத்து வைக்கிறவன் நான்.

துணைக்கு ஒரு வாடகைக் கார் பின்னாலேயே வந்தது. ஓட்டியவன் சிவலிங்கம். பின் சீட்டில் என் மனைவி கமலம். அவளைச் சுற்றி அடுக்குகள், தூக்குகள், வாழையிலைக் கட்டு. தண்ணீர் மட்டும் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நம் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

தெலுக் பஹாங் மேட்டை எப்படியோ ஏறி இறங்கி பாலிக் பூலாவ் போய்ச் சேர்ந்தால், மரத்தடியில் இலை போட்டாகிவிட்டது. சாம்பார், பொரியல், வடை, பாயசம்... "இம்புட்டுத் தூரம் மிதிக்கிறவரு, வயித்தக் காயப்போடலாமா?" என்று கமலம் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். பாயசம் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். "அவருக்கு இன்னொரு வடை வையிக்கா" என்று சிவலிங்கம் வேறு சிபாரிசு செய்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

கை கழுவிய ஈரம் காயவில்லை. எதிரே கெந்திங் மலை!

பாதி ஏற்றத்தில் கால் நின்றுவிட்டது. கண்ணை இருட்டியது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் சைக்கிள் போகப்போகிறதே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

கார் பக்கத்தில் வந்து நின்றது. சிவலிங்கம் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தான் — வாயெல்லாம் பல்.

"ஏறுங்க மச்சான். இதுல என்னலா வெக்கம்? அந்த வடைய எதுக்கு வைக்கச் சொன்னேன்னு நெனச்சீங்க?"

அவ்வளவுதான். கமலம் காரைவிட்டுக் குதித்தாள். "அடப்பாவி! என் சாப்பாட்ட வச்சே அவரக் கவுக்கப் பாத்தியா?" என்னிடம் திரும்பினாள். "எந்திரிங்க! தள்ளிக்கிட்டே ஏறுவோம். தள்ளக்கூடாதுன்னு பந்தயத்துல இருக்கா?"

இல்லையே!

நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ள... எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். உச்சிக்கு வந்துவிட்டோம். பின்னால் வந்த சிவலிங்கம் ஹாரன் அடித்துக் கெஞ்சினான்: "அக்கா, நீயாச்சும் வந்து ஏறுக்கா!"

"ஒன் கார்ல நான் ஏறவே மாட்டேன்!" என்றவள், நேரே வந்து என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் என்ன? இறக்கம்! கிராம்பு மரங்கள் இரண்டு பக்கமும் பறக்கின்றன. கமலம் வீல் என்று கத்தினாள். பயம் என்று நினைத்து பிரேக்கைப் பிடித்தேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது. "ஏன் புடிக்கிறீங்க? விடுங்க!" விட்டேன். இரண்டு பேருமாகக் கத்தினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அடிவாரத்தில் இறங்கி நின்று மூச்சு வாங்கக் கேட்டாள்: "திரும்ப மேல போவோமா?"

கெஞ்சிக் கூத்தாடி வீட்டுப் பக்கம் திருப்பினேன். பாயான் லெப்பாஸ், சுங்கை பினாங் என்று வழியெல்லாம் கேரியரில்தான் வந்தாள். வெறும் காரை ஓட்டிக்கொண்டு சிவலிங்கம் பின்னால் வந்தான். உதவிக்கு வருகிறேன் என்கிறவர்களிடம் கொஞ்சம் உஷாராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குள் சண்டை வந்தால் நமக்கு யோகம்தான்!

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். சைக்கிள் சிவலிங்கத்துக்குப் போகவில்லை.

கமலத்துக்குப் போய்விட்டது. ஓட்டப் பழகுகிறாளாம்... இந்தப் பத்தியைப் பத்திரிகை ஆபீசுக்கு நடந்துபோய்த்தான் கொடுத்தேன்.