மெதுவாகப் போகக் கூடாத வண்டி

என் வீட்டுக்காரர் உள்துறை மந்திரியின் கார் டிரைவர். போலீசு, சிறை எல்லாம் அந்த மந்திரி கையில். மந்திரிகள் மாறுவார்கள்; இவர் மாற மாட்டார். ஆபீசில் இவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். பின்சீட்டில் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வீட்டிலும் அதே லட்சணம்தான். சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூட முகத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் நாத்தனார் மகனைப் போலீசு பிடித்துக்கொண்டு போனது. காலேஜ் வாசலில் ஊர்வலம். நின்று வேடிக்கை பார்த்தானாம். எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் "எங்ககிட்ட இல்ல" என்றார்கள். வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

"அண்ணா, தினமும் அவர்கூடத்தானே போற? ஒரு வார்த்தை கேளேன்," என்று அழுதாள் நாத்தனார்.

"டிரைவர் பேசக் கூடாதும்மா."

"அப்ப வண்டியையாவது கொஞ்சம் மெதுவா விடு. முக்குல நிக்கிறேன், நானே சொல்லிக்கிறேன்."

அதுவும் கூடாது. எவனாவது குண்டு வீசுவான் என்ற பயத்தில், முன்னால் போகும் ஜீப்பை ஒட்டியே மந்திரி வண்டி பறக்க வேண்டும். அவள் தன் மகனின் போட்டோவோடு தடுப்புக்குப் பின்னால் நிற்பாள். கூடப்பிறந்தவர் அவளைத் தாண்டிப் போவார்.

ஒருநாள் மந்திரியே கேட்டார்: "யாருய்யா அந்தம்மா? தினமும் நிக்குது?"

"யாரோ பைத்தியம் சார்," என்றார் முன்சீட்டில் இருந்த பாதுகாப்பு அதிகாரி.

அப்போதுதான் இவர் வாய் திறந்தது. "பைத்தியம் இல்லீங்க. என் தங்கச்சி. அவ பையனைப் போலீசு எங்கேயோ வச்சிருக்கு."

மந்திரி பதறிப்போனாராம். "முன்னாடியே சொல்லக் கூடாதா? நாளைக்கு மொத வேலையா விசாரிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து இவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். இத்தனை பேச்சை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ! நாத்தனார் தன் மகனின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள்.

மந்திரி சொன்னபடியே விசாரித்தார். மறுநாளே அந்தப் பாதுகாப்பு அதிகாரி இவரிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. உள்ள இருக்கிறவனோட மாமா மந்திரி வண்டிய ஓட்டக் கூடாது."

"ஐயாவை ஒரு தடவை பாத்துக்கிறேனே?"

"அவரே சொன்னாலும் முடியாது. பாதுகாப்பு விஷயத்துல அவர்தான் எங்க பேச்சக் கேக்கணும்."

நாசமாய்ப் போக! பிறகு எதற்கு அந்த மந்திரிக்கு அந்த நாற்காலி? பையன் எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது இவரும் தங்கை பக்கத்தில் போய் நிற்கிறார். நேற்று நானும் போனேன். ஜீப் வந்தது, ஒட்டியே காரும் வந்தது. புது டிரைவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புழுதி அடங்கியதும் நாத்தனார் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, இந்த டிரைவர் உனக்குத் தெரிஞ்சவர்தானே? கொஞ்சம் மெதுவா விடச் சொல்லேன்."

"சொல்றேம்மா," என்றார் இவர்.