டின்னுக்கு வெளியே வந்த தண்ணீர்

எனக்கும் தம்பிக்கும் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த அன்று, நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே குதித்தோம். அது நெஞ்சில் வரும் நோய் என்பதெல்லாம் எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு வருஷம் பள்ளிக்கூடம் கிடையாது, தினம் முட்டை, தினம் பால் என்று அவர் சொன்னதுதான் காதில் விழுந்தது. எனக்கு எட்டு வயது. மூன்றாவது முடித்து நாலாவது வகுப்பில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு ஆறு. அம்மா மட்டும் அம்பத்தூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் சந்தோஷம் மறுநாளே போனது. அம்மா நேராகத் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் நல்ல மனிதர், ஆனால் விட்டுக் கொடுக்கிறவர் இல்லை. பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டும், அடுத்த ஜூனில் நானே உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன், பதில் சொன்னால் பெண்ணுக்கு ஐந்தாவது, இல்லாவிட்டால் மறுபடி நாலாவதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடி நாலாவது என்றால், என்னைவிட ஒரு வயது சின்னவளான அத்தை மகளோடு ஒரே பெஞ்சு. அவள் அதற்குள் விஷயம் தெரிந்துகொண்டு, எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டு நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். தமிழும் கணக்கும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மிச்சமிருந்தது விஞ்ஞானம். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

எங்கள் தாத்தா காலம் வரை ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாதான் முதன்முதலில் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் போய் லேத் மெஷினில் நின்றவர். ஆகவே விஞ்ஞானம் தன் சொந்தச் சொத்து என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அடுத்த ஞாயிறே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஒரு கெட்டி அட்டை இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்தார். அடேயப்பா, அந்தப் புத்தகம்! பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். தொப்பி போட்ட பிள்ளைகள் பூதக்கண்ணாடி வழியாக நத்தையைப் பார்க்கிறார்கள், ஓர் அணில் பொந்துக்குள் சுருண்டு தூங்குகிறது. நானும் தம்பியும் அதை முகர்ந்து பார்த்தே ஒரு சாயங்காலத்தைக் கழித்தோம்.

இந்தச் செய்தி கொரட்டூருக்குப் போனதும், அம்மாவின் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாமா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்து அப்படிப்பட்டவர் அவர் ஒருவர்தான், அதை யாரும் மறந்துவிடாதபடி அவர் பார்த்துக்கொள்வார். தான் படித்த பழைய விஞ்ஞானப் புத்தகத்தைப் பைண்டு பண்ணிக் கொண்டுவந்திருந்தார். அதில் படமே இல்லை. கேள்வி, விடை, கேள்வி, விடை.

“மாப்ளே, இங்கிலீஷ் புக்கை வச்சிகினு இன்னா பண்ணப் போற? எட்மாஸ்டர் கேக்கப் போறது தமிழ்ல. இத்த மனப்பாடம் பண்ணா போதும், அஞ்சாவது கேரண்டி.”

“மச்சான், இது செஞ்சி பாக்கற புக்கு. உங்குளுது ஒப்பிக்கற புக்கு” என்றார் அப்பா.

இருவரும் மாறி மாறிப் பேச, அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் எதையும் நம்பமாட்டாள். கடையில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பாள். பாலில் விரலை விட்டுச் சொட்டவிட்டுப் பார்ப்பாள். புதுப் பானையைக் கடைக்காரர் தட்டிக் காட்டினாலும், தானும் நாலு தட்டுத் தட்டுவாள். அப்பா அவளுக்குச் ‘சந்தேகப் பிராணி’ என்று பெயர் வைத்திருந்தார். அவளோடு கடைக்குப் போவதென்றால் எனக்கு மானம் போகும்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “வாயால சொன்னா எப்டி தெரியும்? வர்ற ஞாயித்துக்கெழமை ஆளுக்கு ஒண்ணு செஞ்சி காட்டுங்க. நம்ம ஊட்ல கீற சாமானை வச்சி செய்யணும். எது சரியா நடக்குதோ அந்த புக்கு.”

அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தூக்கமே சரியாக வரவில்லை. திருவிழாவுக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஞாயிறு காலை மாமாதான் முதலில். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தார். ஆனால் எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் பித்தளை டம்ளர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று மெழுகுவர்த்திக்கு மட்டுமே தெரியும். தம்பி ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்கி வந்தான். இந்தத் தடவை சுடர் சுருங்கி அணைந்தது, தண்ணீர் கிளாசுக்குள் குபுக்கென்று ஏறியது! நாங்கள் கைதட்டிய சத்தத்தில் மாமாவின் மீசை நிமிர்ந்தது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்துபோனதால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்.

அம்மா குனிந்து கிளாசின் மேல் விரல் வைத்து அளந்தாள். “அஞ்சுல ஒண்ணா? மூணுல ஒண்ணு கீது போல கீதே, அண்ணே?”

“அஞ்சுல ஒண்ணுதாம்மா. புக்குல போட்டுகீது பாரு.”

“புக்குல போட்டுகீது. கிளாசுல இல்லியே?”

மாமா மெழுகுவர்த்தியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமாவை இப்படியா மடக்குவது என்று எனக்கு அம்மா மேல் கோபம்தான் வந்தது.

அடுத்தது அப்பா. அவர் தேர்ந்தெடுத்த பக்கத்தில் ஃபிராஸ்ட் என்று ஒரு வார்த்தை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, கம்பெனி ஃபோர்மேனிடம் அர்த்தம் கேட்டு வந்திருந்தார். பனி என்று அவர் சொன்னாராம். பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழிக் காலையில் வாசலில் இறங்குவது. ஆடி மாசத்து வெயிலில் அதை வீட்டுக்குள் வரவழைப்பதா? அப்பா சைக்கிளில் போய் மீன்காரம்மாவிடம் கெஞ்சி, மரத்தூளும் சாக்குமாகச் சுற்றிய ஐஸ் பாளம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் சுத்தியால் உடைத்து, பழைய பால்மாவு டின்னில் போட்டு, கைப்பிடி கைப்பிடியாகக் கல் உப்பை அள்ளிக் கொட்டிக் கிளறினார். வீடு முழுக்க மீன் வாடை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு டின்னைச் சுற்றி உட்கார்ந்தோம்.

முதலில் டின்னுக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது. பிறகு அடிப்பக்கம் மங்கியது. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளை வெளேரென்று பொடி படர்ந்தது! “நைனா, பனி! பனி!” என்று தம்பி கத்தினான். நான் நகத்தால் அதில் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். மாமாகூடத் தோல்வியை மறந்து தரையில் முழங்கால் போட்டுவிட்டார். அம்பத்தூரில் அன்றைக்குப் பனி கண்டவர்கள் நாங்கள் மட்டும்தான் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா மட்டும் சேரவில்லை. “இது உப்பு” என்றாள்.

“இன்னாமே சொல்ற?”

“இந்த டின்னு அடியில ஓட்டை கீது. போன மாசம்தான் பூந்தமல்லி பாய் ஈயத்தால அடைச்சி பத்து வச்சிட்டுப் போனாரு. பத்து சரியில்ல. உப்புத் தண்ணி ஒழுகி வெளிய பூத்துகிச்சி.”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா அந்த வெள்ளையை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். முகம் மாறியது. எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தந்தாள். உப்புக் கரிக்கவில்லை. மீன் வாடைகூட இல்லை. விஷயம் முடிந்தது என்று அப்பா எழுந்தார்.

“இருங்க. நாக்கு பொய் சொல்லும்” என்று அம்மா பின்கட்டுக்குப் போனாள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து எடுத்து வந்து டின்னுக்குள் ஊற்றினாள். உள்ளே ஐஸெல்லாம் ஊதா நீலமானது. வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் பூக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் புது பனியனை உருவி, டின்னைச் சுற்றி அழுத்தித் துடைத்தாள். அப்பா “ஐயோ” என்றார்.

பனியனை விரித்துக் காட்டினாள். நனைந்திருந்தது. ஆனால் ஒரு பொட்டு நீலம் இல்லை.

“ஒழுகல” என்றாள் மெதுவாக. “அப்ப இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சி?”

அப்பா புத்தகத்தைப் பிரித்து, வேர்க்க விறுவிறுக்க எழுத்துக் கூட்டி, காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது, அதுதான் டின்னில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகிறது, இன்னும் குளிர்ந்தால் பனியாகிறது என்று சொன்னார். அம்மா தலையைத் தூக்கி அந்தச் சின்ன அறையின் காற்றை ஒரு சுற்றுப் பார்த்தாள். “சரி. உங்க புக்கே இருக்கட்டும்” என்றாள். அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்த முறை பாய் தெருவில் வந்தபோது, “ஒன் பத்து நல்லாத்தான் கீது பாய்” என்று அம்மா தானாகவே போய்ச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் விழித்தார்.

அந்த வருஷம் முழுக்க அந்தப் புத்தகம்தான். அப்பா வாசிப்பார், நாங்கள் செய்வோம், அம்மா “அப்டியா? எப்டி தெரியும்?” என்று கேட்டு உயிரை எடுப்பாள். குளிர்காலத்தில் அணில் தூங்கும் என்று புத்தகம் சொன்னது. மார்கழியில் பூவரச மரத்தடிக்கு எங்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாள். அணில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. “அது வெள்ளைக்கார அணிலு போல” என்று முடித்துவிட்டாள். இவள் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் பத்துப் பாடம் கூடுதலாக முடித்திருப்போம் என்று நானும் தம்பியும் பேசிக்கொள்வோம்.

ஜூன் வந்தது. நெஞ்சு சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் என்னை எதிரே நிற்கவைத்தார். அம்மா கதவோரம் நின்றாள். அத்தை மகளின் பெஞ்சு கண் முன்னால் வந்து வந்து போனது. நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்னேன். பிறகு அவர் மேஜைமேல் இருந்த ஐஸ் போட்ட தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார். வெளியே ஈரம் பூத்திருந்தது.

“இந்தச் சொம்பு ஒழுகுதுன்னு நான் சொல்றேன். நீ என்ன சொல்ற?”

“ஒழுகல சார். காத்துலேர்ந்து வந்த தண்ணி.”

“நான் நம்பலையே?”

“நீலம் போட்டுப் பாக்கலாம் சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியரையும் கூப்பிட்டு, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஐந்தாவதுதான்! உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

“ரொம்ப நல்லாருக்கு. இது எந்தப் புத்தகத்துல இருக்கு?”

அம்மா பாய் வைத்த பத்தை நம்பாமல் செய்தது என்று எப்படிச் சொல்வது? நினைக்கவே வெட்கமாக இருந்தது. அத்தனை கெட்டிப் புத்தகத்தில் அதுவும் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும் என்று தோன்றியது. “எங்க நைனா வாங்கின இங்கிலீஷ் புக்கு சார்” என்றேன் சத்தமாக.

அவர் அம்மாவைப் பார்த்து, அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் கொடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். “குடுத்தனுப்பறேங்க சார்” என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சீட்டோடு. புத்தகம் அருமை என்றும், நீலம் போடும் சோதனை உள்ள பக்கம் மட்டும் காணவில்லை, யாரோ கிழித்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. அப்பாவுக்கு வந்ததே கோபம்! தம்பி முதுகில் ஒன்று வைத்தார். அவன் சாமி சத்தியமாக நான் கிழிக்கவில்லை என்று அலறினான்.

அம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நம்பரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “எல்லாப் பக்கமும் கரெக்டா கீது. புள்ளைய அடிக்காதீங்க.”

“அப்ப அது எங்கமே போச்சி?” என்றார் அப்பா. அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

“தெர்லயே. நல்லா தேடிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அம்மா துணி துவைக்கப் போய்விட்டாள்.

நானும் தம்பியும் சாயங்காலம் வரை அந்தப் பக்கத்தைத் தேடினோம். பின்கட்டில் அம்மா வாளித் தண்ணீரில் நீலம் கரைத்து, அப்பாவின் பனியனை முக்கி எடுத்தபடி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். துணி துவைப்பதில் அப்படி என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.