எஸ் போடாத சீனியர்

குளிர்பதனக் கிடங்கின் கணினிப் பிரிவில் அவரை எல்லோரும் சீனியர் என்றே கூப்பிட்டார்கள். பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர் அவரேதான். அவர் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலில் யாராவது கை வைத்தால், "நீங்கல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது" என்பார். அங்கே பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

கோபோலில் ஓர் எண்ணை வைக்க, அதற்கு எத்தனை இலக்கமோ அத்தனை ஒன்பது எழுதி முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். எண் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும் என்றால் ஒன்பதுகளுக்கு முன்னால் எஸ் என்ற ஆங்கில எழுத்தையும் போட வேண்டும். அது இல்லாவிட்டால் கழித்தல் குறியைக் கணினி சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் விஷயம் இது.

சீனியரும் ஒரு காலத்தில் எஸ் போட்டவர்தான். அப்போது உறைவறையின் வெப்பநிலையான மைனஸ் பதினெட்டு, திரையில் பூஜ்யம், ஒன்று, பிறகு க்யூ என்ற எழுத்தாக வந்து நின்றது. கழித்தல் குறியைக் கடைசி இலக்கத்தோடு ஒட்டவைப்பது கணினியின் வழக்கம். திரைக்கு அனுப்பும்போது பிரித்துக் காட்டத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி அவருக்குத் தெரியாது. மேலாளர் க்யூவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். யாரிடமாவது கேட்டால் கௌரவம் என்னாவது? சீனியர் எஸ்ஸையே அழித்தார். திரையில் பளிச்சென்று பதினெட்டு வந்தது.

"மைனஸ்னு மனசுல சேர்த்துப் படிச்சுக்க வேண்டியதுதான். அதுக்குக்கூடவா நிரல் எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

பிறகு மனைவியின் தம்பியைச் சிபாரிசு செய்து உறைவறைகளுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார். மனசுக்குள் மைனஸ் சேர்க்க வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

கோடையில் ஒரு நாள் இரண்டாம் அறையின் குளிரூட்டும் இயந்திரம் படுத்துவிட்டது. மைத்துனன் போனில் கூப்பிட்டான்.

"மாமா, ரெண்டாம் ரூம்ல நம்பர் எறங்கிட்டே வருது. பதினெட்டுல இருந்துச்சு, இப்ப ஒம்போது."

"எறங்கினா குளிர் கூடுதுன்னு அர்த்தம். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

மைனஸ் சேர்த்துப் படித்தால் அறை சூடேறுகிறது என்று அர்த்தம்; தான் செய்த தில்லுமுல்லு அவருக்கே மறந்துபோயிருந்தது. மைத்துனன் நிம்மதியாகப் போனை வைத்தான். எண் நான்காயிற்று, இரண்டாயிற்று. அது பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்ப ஏறத் தொடங்கியபோது, கதவிடுக்கு வழியாக இளஞ்சிவப்பாக ஐஸ்க்ரீம் ஒழுகி நடைபாதைக்கு வந்துவிட்டது. உள்ளே அடுக்கியிருந்த மீன் எல்லாம் தொளதொளத்துப்போயிற்று. நாற்றம் கணினிப் பிரிவுவரை ஏறிவந்து அவரை விசாரித்தது.

விசாரணையில் சீனியர் அசரவில்லை. "எண் சரியாத்தான் இருந்தது. பார்த்தவனுக்குப் படிக்கத் தெரியல" என்றார். பார்த்தவன் யார் என்று கேட்டார்கள். கொஞ்சமும் தயங்காமல் மைத்துனனைக் கைகாட்டினார். அவனை அன்றே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு உட்காராமல் நின்றாள்.

"ஒரு எழுத்து போட உங்களுக்குக் கை வலிச்சுதா?"

"உனக்கு அதெல்லாம் புரியாது."

"தம்பி சொன்னான், புரிஞ்சுது. உங்களுக்குத்தான் புரியல."

அவர் சாப்பாட்டில் குறை சொல்லிப் பேச்சை மாற்றினார்.

நிர்வாகம் வேறு ஒருவரை வைத்து எஸ்ஸையும், அந்த ஒற்றை வரியையும் எழுத வைத்தது. சீனியர் அவர் பின்னாலேயே நின்று, "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவரை வாகன நிறுத்துமிடத்தின் நிரலுக்கு மாற்றினார்கள். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போக எதுவுமில்லை. அதைப் பதவி உயர்வு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

மைத்துனன் வேறொரு கிடங்கில் சேர்ந்துவிட்டான்; அக்கா வீட்டுப் படி ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தனியாகப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறாள். சீனியர் வீட்டில் கால் நீட்டி டிவி பார்க்கிறார். தொல்லை விட்டது என்றுதான் அவருக்கு எண்ணம்.