மிட்டாய் ஜாடியில் ஒரு குஞ்சு

தனத்துக்கு மீன் தின்னப் பிடிக்கும். உயிரோடு பார்க்கத்தான் பயம். கொள்ளிடக் கரையில், திருமழபாடியில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அவள் அப்படித்தான். குழம்பில் கிடக்கிற மீனோடு அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. இமைக்காமல் முழிக்கிற மீன்தான் ஆகாது. மீன் மட்டுமா? அரியலூரில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், ரயில் கூவினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தனத்துக்கு அதற்கு இருட்டே வேண்டியதில்லை.

அந்தப் பயம்தான் ஒருநாள் அவள் மகள் ஜானகியின் தலையில் வந்து விடிந்தது. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் நுழைந்துவிட்டார் என்றதும், ஆறு வயசுப் பிள்ளையை நெல் குதிருக்குப் பின்னால் உட்காரவைத்தாள். பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது என்று வாசலிலேயே பதில் சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். கையைக் கீறினால் காய்ச்சல் வருமாம், அதற்குப் பயம். அவரும் நம்பிப் போய்விட்டார். அடுத்த பங்குனியில் அம்மையே தெருவுக்கு வந்தது. அதனிடம் பிள்ளை ஊரில் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மீன் வீட்டுக்கு வந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால். தனத்தின் புருஷன் வைத்திலிங்கம் கடைத்தெருவில் மிட்டாய்க்கடை வைத்திருந்தார். உலகச் சண்டைக் காலம். சர்க்கரைக்கு ரேஷன் வந்து, பெப்பர்மிட்டு ஜாடிகள் எல்லாம் காலி. வெறும் ஜாடியைப் பார்த்துப் பார்த்து மகள் சிணுங்கினாள் என்று, மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில், ஆற்றோரத் தண்ணீரில் துண்டை விரித்து ஒரு மீன்குஞ்சைப் பிடித்துவந்து, ஒரு கல்லையும் போட்டு அதில் விட்டார். புளியங்கொட்டை அளவு இருக்கும். மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. இந்த ஜாதி மீன், தாயும் தகப்பனுமாகக் கூடவே நின்று குஞ்சைக் காக்கும். அப்படிக் காவலில் வளர்கிற குஞ்சு தனியாகிவிட்டால் நிழலசைந்தாலும் உடம்பு கறுத்துப்போய்க் கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும். அம்மா மாதிரியே பயப்படுகிறது என்று ஜானகி சிரிப்பாள். தனம் ஜாடி இருந்த மூலைப் பக்கமே போகமாட்டாள்.

ஜானகிக்குக் காய்ச்சல் அடித்து, முகத்தில் அம்மை முத்து தெரிந்ததும் வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டுக்குள் போய்வருகிறவர் கையால் யார் மிட்டாய் வாங்குவார்கள்? வைத்திலிங்கம் கடையிலேயே தங்கிவிட்டார். கொல்லைப்பக்கம் வந்து அரிசியும் இளநீரும் வைத்துவிட்டு, எட்ட நின்று மகளை விசாரிப்பார். கூடவே மீனையும் விசாரிப்பார். தனத்துக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்கும்போது மனுஷனுக்கு மீன் கேட்கிறதா?

உள்ளே வந்து போனது பக்கத்து வீட்டுக்காரி பாப்பாத்தி மட்டும்தான். சின்ன வயசிலேயே அம்மை கண்டு தழும்பேறிய முகம். ஒருதரம் வந்துபோன அம்மாவுக்கு இனிமேல் என்னிடம் என்ன வேலை என்பாள். அவள்தான் மூலையில் இருந்த ஜாடியைப் பார்த்துவிட்டாள். அம்மா வந்திருக்கிற வீட்டில் கவுச்சி வைத்திருக்கிறாயே என்று கடிந்துகொண்டாள். தனம் இரண்டு கையாலும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, ஏரியில் கொட்டிவிடலாம் என்று வாசற்படி வரைக்கும் ஓடினாள்.

"நில்லுடி. புள்ளைக்கு மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வூட்டுலேர்ந்து ஒரு துரும்பு வெளிய போவக் கூடாது" என்றாள் பாப்பாத்தி.

"அப்ப நான் என்னாதான்க்கா செய்யறது?"

பாப்பாத்தி யோசித்தாள். அவளுக்கும் இது புதுசு. "உசுரோட இருக்கற வரைக்கும் அது கவுச்சி இல்ல. செத்துடாம பாத்துக்க."

மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. தனம் ஜாடியைப் பழைய இடத்தில் வைத்தாள். பாப்பாத்தி போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அக்காள் மகனுக்குக் கண்ணுக்குள் முத்து இறங்கி, இரண்டு கண்ணும் அவிந்துவிட்டதாம். முகத்துக்கு வந்தால் வரட்டும், கண்ணுக்கு வராமல் பார்த்துக்கொள் என்றாள். வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

மறுநாளே ஜானகியின் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. தனம் இளநீரைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிள்ளை முனகக்கூட இல்லை. இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் மீன். இரண்டில் எது அசையாமல் இருந்தாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மீன் செத்தால் அம்மாவுக்குக் கோபம். அம்மாவுக்குக் கோபம் வந்தால் மகளின் கண். அவள் மனசில் இது இப்படியே முடிச்சுப் போட்டுக்கொண்டது. அவிழ்க்க ஆளில்லை.

பசியால் செத்துவிடக் கூடாதே என்று ஒரு பிடி சோற்றை அள்ளிப் போட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தனம் கொல்லைக்கு ஓடி, எட்ட நின்ற புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. தண்ணீரை முழுசாக மாற்றாதே, பாதியை மட்டும் மொண்டுவிட்டு, பானையில் ஆறிக் கிடக்கிற கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்று என்றார். சோறு வேண்டாம், தொட்டித் தண்ணீரில் நெளிகிற கொசுப்புழுவைக் கொஞ்சம் போடு என்றார். அவள் அப்படியே செய்தாள். மொண்ட தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, இதுவும் வீட்டை விட்டுப் போனதாகக் கணக்காகுமோ என்று அதற்கும் பயந்தாள். புழுவைப் போடும்போது, நான் கொல்லவில்லை தாயே, அதுதான் தின்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். அம்மாவையே ஏய்க்கப் பார்க்கிற அளவுக்குப் பயம் அவளுக்குத் தைரியம் கொடுத்திருந்தது.

குஞ்சு பிழைத்தது. பாப்பாத்தி வீடெங்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது, தனம் குறுக்கே போய் ஜாடியின் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். மீன் எப்போதும்போலக் கறுத்துக் கல்லுக்குப் பின்னால் ஒண்டியது. கொஞ்ச நேரத்தில் அவள் விரலுக்கு நேரே வந்து நின்றது. தனம் கையை எடுக்கவில்லை. தான் கையை எடுக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவும் இல்லை.

முத்துகள் காய்ந்து உதிரத் தொடங்கின. ஒரு நாள் காலையில் ஜானகியின் இமைகள் மெல்லப் பிரிந்தன. வாசல் வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பார்த்தாளா, அல்லது கண் மட்டும் திறந்திருந்ததா? அம்மா தெரிகிறேனா என்று கேட்டால் முடிந்தது. தெரியவில்லை என்று பிள்ளை சொல்லிவிட்டால் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

கேட்காமலே தனம் போய் ஜாடியை எடுத்துவந்தாள். பிள்ளையின் இடப்பக்கம் மண்டியிட்டு, இடது கண்ணை ஒட்டிப் பிடித்தாள். மீன் உள்ளே அங்குமிங்கும் ஓடியது. ஜானகியின் முகம் திரும்பவில்லை. கண் அசையவில்லை. ஜாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள், தண்ணீர் தளும்பிப் பாயில் சிந்தியது. தனம் ஜாடியோடு முழங்காலால் நகர்ந்தே தலைமாட்டைச் சுற்றி வலப்பக்கம் போய், மறுபடியும் ஜாடியைத் தூக்கிப் பிடித்தாள்.

மீன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. வலது கண் அதன் பின்னாலேயே போனது.

"யம்மா," என்றாள் ஜானகி, காய்ந்த உதட்டைப் பிரித்து. "மீனு எவ்ளோ பெருசாயிட்டுது."

தனம் அப்போதுதான் மீனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அது உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்த்திருந்தாள். வளர்ந்ததைப் பார்க்கவே இல்லை. "ஆமாண்டி," என்றாள். "ஆமாண்டி, பெருசாயிட்டுது." ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்குத் தெரிகிற வலப்பக்கமாக நெருங்கி உட்கார்ந்தாள்.