துவக்குக்குச் சந்தனப் பொட்டு

மாமா வேட்டைக்குப் போகும்போது முழுக்கைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போவார். இதில் பிழை ஏதும் இருப்பதாக ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேட்டைக்காரர் அவர்தான்; ஆகவே உலகத்து வேட்டைக்காரர்கள் எல்லோரும் சனிக்கிழமை காலையில் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு, தலையை ஈரமாக்கி வகிடு எடுத்த பிறகுதான் முயல் சுடப் போவார்கள் என்று நம்பியிருந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் மெல்பனின் மேற்குப் பக்கத்தில் குடியேறி இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா அவரைக் கூப்பிட்டு எடுத்தார். எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர்தான், அதில் நான் பேசியதைத் தமிழென்று சேர்க்கலாமா என்பது இன்னொரு கதை. மாமா பின்னறையில் இருந்தார். ஒரு கந்தோரில் கட்டடப் படம் கீறும் வேலை. அங்கே பக்கத்து மேசைக்காரன் ஒருநாள் கில்மோர் பக்கமிருந்த ஒரு பண்ணைக்கு முயல் சுடக் கூட்டிக்கொண்டு போனான். அந்த நாட்டில் முயல் என்றால் பண்ணைக்காரருக்குப் பரம எதிரி. ஆட்டுக்கு விட்ட புல்லை அடியோடு தின்றுவிட்டுக் காணியையும் குடைந்து வைக்கும். யார் வந்து சுட்டாலும் புண்ணியம் என்று தேத்தண்ணியும் கேக்கும் கொடுப்பார்கள்.

அடுத்த மாதமே மாமா சொந்தமாக ஒரு துவக்கு வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் விளையாட்டுச் சாமான் கடையில் ரெனிஸ் மட்டைக்கும் தூண்டிலுக்கும் பக்கத்தில் துவக்கும் சாத்திக் கிடக்கும். சின்ன ரவை போடுகிற மெல்லிய துவக்கு. அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. பழைய போர்வையில் சுற்றி, உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்றும், ரவைப் பெட்டி அப்பாவின் அலுமாரிக்கு மேலே இருக்க வேண்டும் என்றும் சட்டம் போட்டார். ஆனால் முதல் முயல் வந்தபோது யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுப் பிரட்டிக் கறி வைத்து, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவரும் அவரேதான்.

குளிர்காலம் முழுக்க மாமா ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. போகப்போக முயல் குறைந்தது. அதற்குப் பதிலாகப் பிளம்ஸ் ஜாம் போத்தல்கள் வந்தன. முட்டை வந்தது. ஒருமுறை கையால் பின்னிய கம்பளிக் கழுத்துத்துண்டு ஒன்றும் வந்தது. முயல் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு கொடுக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் ஊரிலிருந்து அந்தப் படம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ரீச்சராக வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் படம். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணரின் மனைவி வழிச் சொந்தம். அம்மம்மா செத்தபோது மாமாவுக்கு ஐந்து வயது. அன்றையிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அம்மாதான். இவனுக்கு நல்ல இடத்தில் கலியாணம் செய்து வைக்கிறேன் என்று தன் தகப்பனுக்குச் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறியவர். படம் வந்த கையோடு அந்த வீட்டுக்கு அரைவாசி வாக்கும் கொடுத்துவிட்டார். மிச்ச அரைவாசிக்கு மாமா ஓம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மாமா படத்தை விளிம்பில் பிடித்து மரியாதையாகப் பார்த்தார். "நல்ல பிள்ளை போலக் கிடக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "இந்த முயல் சீசன் முடியட்டும் அக்கா."

முயலுக்குச் சீசன் கிடையாது. வருடம் முழுக்கச் சுடலாம். அது அம்மாவுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியும்.

ஊரிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. நவராத்திரி முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தார்கள், பெண்ணுக்கு வேறு இடமும் பேசி வருகிறதாம். அந்தக் கிழமை அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, தலைமயிரை இழுத்துப் பின்னிக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமை நீயும் மாமாவோட போட்டு வா. அங்க என்ன நடக்குது, ஆர் ஆர் நிக்கினம் எண்டு வடிவாப் பாத்துக்கொண்டு வா."

வேவு பார்க்க அனுப்பப்படுகிறேன் என்று எனக்கு எங்கே தெரியும். அம்மாவுக்கு வேட்டையில் ஆசை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இன்றைக்கும் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு மூக்கில் வாசம் வருகிறது. ஈரப்புல், யூக்கலிப்டஸ் விறகுப் புகை, சுட்ட ரவையிலிருந்து வரும் கரிந்த மணம். வேலிக் கட்டைகளில் வரிசையாகத் தகரப் பேணிகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மரங்களிலிருந்து வெள்ளைக் கொக்கற்றூக் கிளிகள் கத்திக்கொண்டு எழும்பிப் பிறகு அதே மரத்தில் வந்து குந்தின. பண்ணைக்காரர் காது கேளாத கிழவர். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வராந்தாவில் நித்திரை கொண்டார். சுடப் பழக்கியது அவருடைய மகள். முப்பது வயதிருக்கும், முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, முகமெல்லாம் வெயில் புள்ளி. கூட வருவதாகச் சொல்லப்பட்ட பக்கத்து மேசைக்காரனை எங்கேயும் காணவில்லை.

அந்த மகள் பழைய தானியச் சாக்கை விரித்து மாமாவைக் குப்புறப் படுக்க வைத்தார். பக்கத்தில் தானும் படுத்து, முழங்கையை எங்கே ஊன்ற வேண்டும் என்று பிடித்துக் காட்டினார். மூச்சைப் பாதி விட்டு அப்படியே நிறுத்து, விசையை இழுக்காதே, மெல்ல அமத்து என்று சொன்னார். அந்த நேரம் பார்த்து எதிர்ச் சரிவில் ஒரு முயல் வெளியே வந்து, ஆறுதலாகக் குந்தி முன்னங்கால்களால் முகம் கழுவியது. குழந்தைப் பிள்ளையும் சுட்டிருக்கும். மாமா மூச்சைப் பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார். முயல் முகம் கழுவி முடித்து, காதைக் கழுவி, புல்லும் தின்றுவிட்டுப் பொந்துக்குள் போய்விட்டது. மாமா இன்னும் மூச்சு விடவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னேரம் பண்ணைக்காரரின் மகள் தன் துவக்கால் ஒரே வெடியில் ஒரு முயலை விழுத்தியபோதுதான் மனம் ஆறியது. நவராத்திரிக்கு வீட்டில் மச்சம் சமைப்பதில்லை என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வழக்கம்போல ஜாம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். சாக்கு, முழங்கை, மூச்சு, எல்லாம். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டார்.

"அவ கலியாணம் கட்டினவவோ?"

"தெரியாது. ஆனா ஒரே வெடியில முயல் சுடுவா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. என் அறிக்கை அவ்வளவு திறமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. எங்கள் சாமியறை என்பது அலுமாரிக்குள் இரண்டு தட்டு. அதற்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு, என் புத்தகங்கள், வீட்டிலுள்ள பேனைகள் எல்லாம், அப்பா கணக்குப் பார்க்கிற ஸ்லைட் ரூல், அம்மாவின் தையல் மெசின் என்று அடுக்கினோம். பூசையில் வைத்துவிட்டால் மறுநாள் விசயதசமிப் பூசை முடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. எழுதக்கூடாது, வாசிக்கக்கூடாது. வீட்டுக் கணக்கு செய்யாமல் தப்புவதற்கு இதைவிட நல்ல சமயம் ஒன்று இருப்பதாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை.

எல்லாம் அடுக்கி முடிந்த பிறகு அம்மா என்னைப் பார்த்து, "மாமான்ர துவக்கையும் கொண்டு வரச் சொல்லு அப்பாட்ட" என்றார்.

அப்பா பேப்பரை இறக்கினார். "சரஸ்வதிக்கு உது என்னத்துக்கு?"

"ஆயுதபூசையும் இண்டைக்குத்தானே. அவன்ர ஆயுதம் உது."

அப்பா மனிதர்களோடு வாதாடுகிற ஆளில்லை, அம்மாவோடு சுத்தமாக இல்லை. போய் எடுத்து வந்து, பின்பக்க இரும்பை இழுத்துத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அம்மா அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். மேலே தையல் மெசின். வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்தார். மாமாவுக்கு அன்றைக்குக் கந்தோரில் ஓவர்ரைம் வேலை. அவர் வந்து சேர முன்னரே பூசை முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமா அயன் பண்ணிய சேட்டோடு வந்தார். கதவுக்குப் பின்னால் போர்வை மட்டும் கிடந்தது.

"அக்கா, துவக்கு?"

"பூசையில கிடக்கு. எடுக்கப்படாது."

"எப்ப எடுக்கலாம்?"

"பத்தரைக்குத்தான் நல்ல நேரம் எண்டு பஞ்சாங்கத்தில போட்டிருக்கு."

மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். பரவாயில்லை என்பதுபோலக் கதிரையை இழுத்து இருந்தார்.

"அது ஊர் நேரம்" என்றார் அம்மா. "இஞ்ச பின்னேரம் மூண்டு மணி."

முந்திய வருடங்களில் யாழ்ப்பாணப் பஞ்சாங்கமும் மெல்பன் மணிக்கூடும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஒத்துப்போயின. பத்தரை என்றால் பத்தரைதான். இரண்டு நாட்டுக்கும் இடையில் நாலரை மணித்தியாலம் இருப்பது அந்த வருடம்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது.

"போன வருசம் காலமையே எடுத்தனாங்கள் தானே அக்கா?"

"போன வருசம் பிழையாச் செய்திட்டம்."

அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மாமா எழும்பிப் போய்ச் சாமிக்கு முன்னால் நின்றார். பொட்டு வைத்த துவக்குக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அவர் திருநீறு எடுத்துப் பூசினார். கார்த் திறப்பை எடுத்தார்.

"சரி அக்கா. அப்ப நான் போட்டு வாறன்."

"எங்க?" என்றார் அம்மா.

மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "அங்கதான்."

பழைய ஹோல்டன் கார் ஒருதரம் இருமிவிட்டுத் தெருவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நான் வாசல்வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். என் மூளைக்கு எட்டிய கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டேன்.

"துவக்கில்லாமல் மாமா எப்பிடி முயல் சுடுவார்?"

அப்பா சிரித்தார். அம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார். அம்மா சாமி மேசைக்கு முன்னால் பாயில் இருந்துவிட்டார். பகல் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. துவக்கைக் கட்டிவைத்தால் ஆளும் வீட்டில் நிற்பான் என்று அவர் கடைசிவரை நம்பியிருந்தார் போலிருக்கிறது. என்ன இருந்தாலும் அவர் வளர்த்த பிள்ளை அல்லவா.

சொன்ன நேரம் மூன்று மணி. மூன்று மணிக்கே கற்பூரம் கொளுத்தினார். அவலும் கடலையும் படைத்தார். விசயதசமியில் பூசை முடிந்தவுடன் முதலில் எழுதுகிறவள் நான். என் கையைப் பிடித்து அம்மா 'அ' எழுத வைப்பார். பிறகுதான் மற்றவர்கள் பேனையைத் தொடலாம். அது எங்கள் வீட்டில் எனக்கிருந்த ஒரே உரிமை. நான் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மா பேனையை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. என் கொப்பியிலிருந்தே மூன்று தாளைக் கிழித்து, அந்த மேசை நுனியிலேயே வைத்து எழுதத் தொடங்கினார். நான் தோளுக்கு மேலால் எட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'அன்புள்ள அண்ணைக்கு, எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று இருந்தது. துவக்கைச் சாமிக்குக் கிட்ட வைத்ததற்குத்தான் ஊருக்கு எழுதி மன்னிப்புக் கேட்கிறார் என்று முடிவு செய்தேன். அதற்காக என்னுடைய முறையை எடுப்பதா என்று ஆத்திரம் வந்தது.

இடையில் இரண்டு தரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினார். முடித்ததும் அந்தப் பெண்ணின் படத்தையும் கடிதத்தோடு வைத்து உறையை ஒட்டினார். பிறகு, "வா பிள்ளை, இப்ப நீ எழுது" என்று பேனையை நீட்டினார்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீங்கள்தானே முதல் எழுதினீங்கள். எனக்கு வேண்டாம்" என்றேன்.

அம்மா என்னை ஏசவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. தம்பிக்காகத் தன் வாக்கைத் தானே முறித்துவிட்டு வந்த கை அது என்று தெரிந்திருந்தால் ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா என்னை ஏமாற்றிவிட்டார் என்பதுதான். அந்த வருடம் நான் 'அ' எழுதவேயில்லை.